கிராண்ட் விக்கின்ஸ் கடைசியில் மாறினானா, இல்லை அழுததோடு சரியா?

#1 ஒற்றைப்பனை

எர்னஸ்ட் கெய்ன்ஸ் எழுதிய ‘எ லெஸன் பிஃபோர் டையிங்’ நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு முடித்தேன். 1993இல் வந்த நாவல், 1997இல் ஓப்ரா வின்ஃப்ரி தன் வாசகர் வட்டத்துக்கு எடுத்த பிறகு இன்னும் பரவலாகப் போனது, நான்தான் லேட். முடிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன், படிக்காதவர்கள் இத்தோடு கிளம்பிவிடுங்கள்.

கதை இதுதான். 1940களின் கடைசி, லூசியானா, ஒரு கரும்புத் தோட்டம். ஜெஃபர்சன் என்ற 21 வயதுப் பையன் இரண்டு பேரோடு மதுக்கடைக்குப் போகிறான், அங்கே துப்பாக்கிச் சண்டையில் அந்த இருவரும் கடைக்காரரும் செத்துப்போகிறார்கள், இவன் மட்டும் மிச்சம். வெள்ளைக்காரர்கள் 12 பேர் ஜூரி. அவனைக் காப்பாற்ற வந்த வக்கீலே என்ன வாதாடுகிறார் என்றால், இதுக்குத் திட்டம் போடுகிற மூளையெல்லாம் கிடையாது, இதை மின்நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒரு பன்றியை உட்கார வைப்பதும் ஒன்றுதான் என்று. அப்படியும் மரண தண்டனைதான். பையனை வளர்த்த மிஸ் எம்மா கிழவி தீர்ப்பை மாற்றுங்கள் என்று யாரிடமும் கெஞ்சவில்லை. அந்த நாற்காலிக்குப் பன்றி போகக் கூடாது, மனுஷன் போகணும், அவ்வளவுதான் அவள் கேட்பது. அந்த வேலை தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் கிராண்ட் விக்கின்ஸ் தலையில் விழுகிறது.

என் பிரச்சினை இந்த கிராண்ட்தான். கதையைச் சொல்பவனே இவன், ஆனால் இவ்வளவு தன்னலக்காரனை இவ்வளவு பக்கம் சகித்துக்கொள்வது லேசில்லை. போக மாட்டேன் என்கிறான், அத்தை விரட்டினால் முனகிக்கொண்டே போகிறான், திரும்பும் வழியில் காரை நேராகக் காதலி விவியன் இருக்கும் பக்கம் விடுகிறான். ஊரை விட்டு ஓடிப்போகலாம் வா என்பதுதான் அவளிடம் அவன் பாடும் ஒரே பாட்டு. கடைசியில் அந்தப் பையன் சாகும் நாளில் பக்கத்தில் போய் நிற்கவும் இல்லை. எல்லாரும் இதை ஓர் ஆசிரியர் மனம் மாறிய கதை என்கிறார்கள். எங்கே மாறினான்? கடைசி வரியில் அழுகிறான், ஒப்புக்கொள்கிறேன். அழுதால் போதுமா?

#2 சாக்பீஸ்

நான் ஆசிரியை, 22 வருட சர்வீஸ். அதனால் கொஞ்சம் பாரபட்சமாகத்தான் பேசுவேன்.

தன்னலம் என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். தோட்டத்துச் சர்ச்சுதான் பள்ளிக்கூடம். அக்டோபர் கடைசியில் திறந்து ஏப்ரல் நடுவில் மூடிவிடுவார்கள், மற்ற மாதங்களில் பிள்ளைகள் வயலில் இருக்கணும். முதல் வகுப்பிலிருந்து ஆறாவது வரை ஒரே அறை, ஒரே வாத்தியார். குளிருக்கு அடுப்பு எரிக்கணுமா, ஊர்ப் பெரியவர்கள் விறகு கொண்டுவந்து இறக்குவார்கள், பையன்கள் வெளியே நின்று வெட்டணும். வருடத்துக்கு ஒரு தரம் கல்வி அதிகாரி வருவார், டாக்டர் ஜோசஃப் என்று பெயர், அவர் பாடம் ஒன்றும் பார்க்க மாட்டார், பிள்ளைகளின் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பார். அடிமைச் சந்தையில் இப்படித்தானே பார்த்திருப்பார்கள் என்று கிராண்டுக்குத் தோன்றும். விக்கின்ஸ் என்ற பெயரைக்கூட ஹிக்கின்ஸ் என்று கூப்பிடுகிறார், திருத்த முடியாது. புத்தகம் இல்லை, சாக்பீஸ் இல்லை என்று இவன் சொன்னால் வெள்ளைப் பள்ளிகளிலும் தட்டுப்பாடுதான் என்று பதில். எனக்கும் ஆய்வுக்கு வந்த ஒருவர் கரும்பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கழிப்பறைக் கதவை எண்ணிவிட்டுப் போன அனுபவம் உண்டு, அதையும் இதையும் ஒப்பிடக் கூடாது, தெரியும். இருந்தாலும் அந்த அத்தியாயம் படித்த அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆனால் கிராண்டின் தன்னலத்துக்கு நீங்கள் கொடுத்த உதாரணங்கள் எல்லாம் சின்னவை. பெரியது அவன் வகுப்பறையில் இருக்கிறது. கையில் எப்போதும் ஒரு ஸ்கேல். ஒரு பையன் பூச்சியை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான், மண்டையிலேயே ஒன்று வைக்கிறான். ஜெஃபர்சனைக் கொல்லப் போகிறார்கள் என்று வகுப்பில் வெறுப்போடு சொல்லும்போது ஒரு சிறுமி அழுகிறாள், செத்துப்போகப் போகிறவனுக்கு அவள் சொந்தக்காரி. அவளை அழாதே, இல்லையென்றால் வெளியே போ என்கிறான். தோட்டத்து வெள்ளை முதலாளி ஹென்றி பிஷோவிடம் காட்ட முடியாத கோபம் ஏழு வயதுப் பிள்ளைகள் மேல் இறங்குகிறது. இதைத்தான் நான் தன்னலம் என்பேன்.

#3 நள்ளிரவு ரயில்

இரண்டு பேருக்கும் நன்றி. கொஞ்சம் பின்கதை சொல்கிறேன், அது இல்லாமல் கிராண்ட் வெறும் மூக்கால் அழுகிறவன் மாதிரித்தான் தெரிவான்.

ஒன்று, லூசியானா எந்த ஊர் என்பது. ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு ஒரு பெட்டி என்ற சட்டத்தை எதிர்த்து ஹோமர் பிளெஸ்ஸி 1892இல் டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் போய் உட்கார்ந்தது அங்கேதான். அந்த வழக்கில்தான் 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் தப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னது. பள்ளிக்கூட விஷயத்தில் அந்தக் கொள்கை உடைய 1954 ஆயிற்று. நாவல் அதற்குச் சில வருடம் முன்னால் நிற்கிறது, அதாவது கிராண்டுக்கு விடிவு வருமா என்பதே தெரியாது. நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

இரண்டு, அந்த நாற்காலி. லூசியானாவில் அப்போது மின்நாற்காலியை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவார்கள். செயின்ட் மார்ட்டின்வில்லில் வில்லி ஃபிரான்சிஸ் என்ற கறுப்பினச் சிறுவனை 1946 மே 3ஆம் தேதி அதில் உட்கார வைத்தார்கள், வயது 17. மின்சாரம் பாய்ந்தது, ஆள் சாகவில்லை. மறுபடியும் உட்கார வைப்பது கொடுமை இல்லையா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 5க்கு 4 என்று தோற்றது. 1947 மே 9ஆம் தேதி இரண்டாம் தடவை உட்கார வைத்தார்கள், செத்துப்போனான். கெய்ன்ஸுக்கு இந்த வழக்கு மனதில் இருந்தது. நாவலில் 30ஆம் அத்தியாயத்தில் லாரி ஊருக்குள் வருகிறதே, ஜெனரேட்டர் சத்தம் தெருத்தெருவாகக் கேட்கிறதே, அவரவர் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கேட்கிறார்களே, அது கற்பனை இல்லை.

மூன்று, கெய்ன்ஸே 1933இல் பாயிண்ட் கூப்பீ பகுதியில் ஒரு தோட்டத்து அடிமைக் குடியிருப்பில் பிறந்தவர். அதே மாதிரி சர்ச்சுப் பள்ளியில் படித்தவர். 1948இல் கலிஃபோர்னியா போன பிறகுதான் பொது நூலகத்துக்குள் கால் வைத்தார், அதற்கு முன் ஊரில் நூலகம் வெள்ளையருக்கு மட்டும். ஆக, ஓடிப்போன ஆள்தான் ஓடிப்போகத் துடிக்கும் வாத்தியாரை எழுதியிருக்கிறார்.

#4 கணக்குப்பிள்ளை

அப்படிப் பார்த்தால் கிராண்டின் ஓட்டம் தப்பே இல்லையே. அவனுடைய பழைய வாத்தியார் மத்தேயு அன்ட்வான் அதைத்தானே சொல்லிக்கொடுத்தார். ஓடு, இங்கே இருந்தால் உன்னை உடைத்துவிடுவார்கள் என்று. அந்த ஆள் கலப்பினம், தன்னைவிடக் கறுப்பான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நேர்ந்ததையே அவமானமாக நினைத்தவர், அவர்களையும் வெறுத்தார், தன்னையும் வெறுத்தார். கிராண்ட் படித்துவிட்டு வந்து அவர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து அதே வெறுப்பைத் தொடர்கிறான். நாவலின் பயமே அதுதான் என்று நினைக்கிறேன், இன்னும் பத்து வருடம் போனால் இவன் அன்ட்வான் ஆகிவிடுவான்.

#5 ஒற்றைப்பனை

அன்ட்வான் விஷயம் நல்ல கண்டுபிடிப்பு, நான் அவரைச் சீக்கிரமே மறந்துவிட்டேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. எந்த இடத்தில் திரும்புகிறான்? பக்கம் காட்டுங்கள்.

#6 வெண்ணிலா அத்தை

திருப்பம் என்று ஒரே இடம் கேட்டால் கிடைக்காது தம்பி. நான் மூன்று இடம் சொல்கிறேன், அதில் ஒன்று அவன் வளர்ந்ததே இல்லை, தோற்றது.

முதல் இடம் வேர்க்கடலை. சிறைக்கு முதலில் போகும்போதெல்லாம் ஜெஃபர்சன் பேசவே மாட்டான், ஒரு தரம் தரையில் முட்டி போட்டு, கையால் எடுக்காமல் பன்றி தின்கிற மாதிரி சாப்பிட்டுக் காட்டுவான். அன்றைக்கு கிராண்ட் என்ன செய்கிறான்? திரும்பி வந்து மிஸ் எம்மாவிடம் பையன் நன்றாக இருக்கிறான், சாப்பிட்டான் என்று பொய் சொல்கிறான். இரக்கத்தால் சொன்ன பொய் இல்லை, பேச்சு வளராமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற சோம்பேறிப் பொய். அப்புறம் கொஞ்ச நாள் கழித்து ரெயின்போ கிளப் என்ற மதுக்கடை ஆட்களிடம் காசு பிரித்து ஒரு சின்ன ரேடியோ வாங்கிக் கொடுக்கிறான், நோட்டுப் புத்தகம் கொடுக்கிறான், பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கி வைத்த கடலையும் பீக்கன் கொட்டையும் கொண்டுபோகிறான். ஒரு நாள் ஜெஃபர்சன், பிள்ளைகளுக்கு நன்றி சொல்லுங்க என்று திக்கித் திக்கிச் சொல்கிறான். அவ்வளவுதான். வெளியே வந்து எதிரில் வருகிற முதல் ஆளைக் கட்டிப்பிடிக்கணும் போல இருக்கிறது இவனுக்கு. கதை தொடங்கியதிலிருந்து தன்னைப் பற்றியே யோசிக்காத ஒரே நிமிஷம் அதுதான். பெரிய வசனம் எதுவும் இல்லாமல் கடலையை வைத்து முடித்துவிட்டார் மனுஷன்.

இரண்டாவது, விவியன். மதுக்கடையில் இரண்டு கொத்தனார்கள் ஜெஃபர்சனைப் பற்றி ஏளனமாகப் பேசப்போய் இவன் சண்டைக்கு நிற்கிறான், அடிபட்டு அவள் வீட்டில் கிடக்கிறான். அவள் கேட்கிறாள், உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்வது, என் விவாகரத்து, என் பிள்ளைகள், இதையெல்லாம் ஒரு தடவையாவது நினைத்தாயா என்று. ஊருக்காக அடிபட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அதுவும் தன் கௌரவத்துக்காக வாங்கிய அடிதான் என்று அப்போதுதான் உறைக்கிறது. கோபித்துக்கொண்டு வாசல் வரை போகிறான். போக இடமில்லை. திரும்பி வந்து அவள் மடியில் முகம் புதைக்கிறான். ஓடணும், ஓடணும் என்று சொன்னவன் வாசற்படியைத் தாண்டவில்லை, பார்த்தீர்களா.

மூன்றாவதுதான் தோல்வி, 27ஆம் அத்தியாயம். பாதிரியார் ஆம்ப்ரோஸ் இவன் அறைக்கு வருகிறார். பையனை ஜெபம் செய்யச் சொல், சொர்க்கம் இருக்கிறது என்று சொல் என்கிறார். நம்பாததைச் சொல்லிப் பொய் பேச மாட்டேன் என்கிறான் படித்தவன். (எம்மாவிடம் பேசின பொய் மறந்துபோச்சு.) கிழவர் வெடிக்கிறார். நீ படித்தாயே, உன் அத்தை லூ வெள்ளைக்காரி வீட்டுத் தரையை முழங்கால் தேயத் துடைத்த காசில் படித்தாய், கரும்பு வெட்டி விரல் கிழிந்த காசில் படித்தாய், எப்படி இருக்கிறாய் என்று நீ கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கேன் என்றுதானே சொன்னாள், அது என்ன? எங்கள் ஜனம் பொய் சொல்லித்தான் வலியை ஆற்றும், கல்லறையில் நின்று நானும் சொல்கிறேன், இந்த ஜனத்தை அறிந்த நான்தான் படித்தவன், நீ இல்லை என்கிற மாதிரி. இவனிடம் பதில் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என் அம்மாவின் கையை ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன், வேறென்ன சொல்ல.

#7 நள்ளிரவு ரயில்

அத்தை, அந்த லூ பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு நிஜப் பெண் உண்டு என்று எனக்குப் படும். கெய்ன்ஸை வளர்த்தது அகஸ்டீன் ஜெஃபர்சன் என்ற அவருடைய அத்தை. அவரால் நடக்கவே முடியாது. தரையில் தவழ்ந்து தவழ்ந்து சமைத்து, துவைத்து, இந்தப் பிள்ளைகளை வளர்த்தார். கடைசிப் பெயரைப் பாருங்கள். தண்டனை பெற்ற பையனுக்கு அந்தப் பெயரை வைத்தது தற்செயலாக இருக்கலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

#8 கணக்குப்பிள்ளை

ஆம்ப்ரோஸ் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. வலியை ஆற்றுகிற பொய் எத்தனை தலைமுறைக்கு? அந்த ஜனம் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் பிஷோ மாதிரி ஆட்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று கிராண்ட் நினைத்தால் அதில் என்ன தப்பு? பிஷோ வீட்டுக்கு எம்மாவுக்காகப் பேசப் போன அன்று பின்வாசல் வழியாகப் போய் சமையல்கட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே காத்திருக்கிறான். உள்ளே அவர்கள் சாப்பிட்டு முடிக்கணுமாம். பேசும்போதுகூட நல்ல இலக்கணத்தில் பேசலாமா, கொச்சையாகப் பேசி அவர்களைச் சந்தோஷப்படுத்தலாமா என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறான். படித்த மாதிரி பேசினால் சிறைக்குப் பொறுப்பான ஷெரிஃப் கைட்ரி முகம் சுளிக்கிறது. இப்படி ஒருத்தனிடம் போய் நீ தன்னலக்காரன் என்பது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. சுயமரியாதைக்கும் தன்னலத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறதல்லவா?

#9 சாக்பீஸ்

கோடு இருக்கிறது, ஆனால் அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. சமையல்கட்டில் அவமானப்படுவது அவனுக்கு, சரி. அதே சமையல்கட்டில் வருஷக்கணக்காக அவமானப்பட்டுச் சோறு பொங்கியவள் எம்மா. அவளுடைய வலி அவனுக்குத் தொந்தரவாகத் தெரிகிறது, தன்னுடையது மட்டும் சுயமரியாதையாகத் தெரிகிறது. மாற்றம் என்று நான் பார்ப்பது இந்தக் கண்ணாடி கழன்றதைத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஐஸ்கிரீம். நான் வாழ்நாளில் ஆசை தீர ஐஸ்கிரீம் தின்றதே இல்லை, சாவதற்கு முன் ஒரு கேலன் வேணும் என்பான் ஜெஃபர்சன். கடைசியில் எம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒரு சின்ன கப் ஐஸ்கிரீம் போதும் என்கிறான். ஒரு கேலனிலிருந்து ஒரு கப்புக்கு வந்தவன் அவன். கிராண்ட் இன்னும் கேலனில்தான் நிற்கிறான்.

#10 ஒற்றைப்பனை

ஐயோ, அந்தக் கடைசி வரி. எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

ஆக நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், வளர்ந்தது மாணவன், வாத்தியார் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வருகிறான்.

#11 வெண்ணிலா அத்தை

அதில் யாருக்குச் சந்தேகம்? தலைப்பில் இருக்கிற பாடத்தை யார் யாருக்கு நடத்தினார்கள் என்று ஆசிரியர் கடைசி வரை சொல்லவே இல்லையே. 29ஆம் அத்தியாயம் முழுக்க ஜெஃபர்சனின் நோட்டுப் புத்தகம். முற்றுப்புள்ளி இல்லை, எழுத்துப்பிழை மயம். கிராண்ட் அங்கே வாயே திறப்பதில்லை, நாவல் அவன் கையை விட்டே போய்விடுகிறது. எப்போதும் தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தவன் ஒதுங்கி நின்றான் என்பதே எனக்கு வளர்ச்சிதான்.

ஒரு கேள்வி. இதைத் தமிழில் யாராவது கொண்டுவந்தால் அந்த நோட்டை எப்படி எழுதுவார்கள்? கொச்சையாக எழுதினால் கேலி மாதிரி ஆகிவிடும், திருத்தமாக எழுதினால் உயிர் போய்விடும். எம்மாவை அவன் ‘நான்னான்’ என்பதற்கு மட்டும் நமக்குக் கவலை இல்லை, ஞானஸ்நானத்தில் கைப்பிடித்த தாய்தானே, ‘ஞானத்தாய்’ என்று நம் கிறிஸ்தவர்கள் சொல்வதே பொருந்திவிடும்.

#12 நள்ளிரவு ரயில்

எழுத்துப்பிழையைக் குறைவாக வைத்து, புள்ளி கமா இல்லாமல் ஒரே மூச்சில் ஓடவிட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி ‘அப்பறம்’ ‘அப்பறம்’ என்று வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே போனால் வரும் என்று தோன்றுகிறது. முயற்சி செய்து பார்க்கணும்.

#13 கணக்குப்பிள்ளை

சரி, ஒற்றைப்பனையின் முதல் கேள்விக்கு வருவோம். ஏன் போகவில்லை? தண்டனை நாளில் ஆம்ப்ரோஸ் போகிறார், கூடவே நிற்கிறார். கிராண்ட் பிள்ளைகளை முட்டி போட வைத்துவிட்டுத் தான் மட்டும் வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஒரு பட்டாம்பூச்சி புல்மேட்டில் வந்து உட்கார்ந்து பறந்துபோகிறது, முடிந்துவிட்டது என்று தெரிகிறது. எழுத்து அழகு, சரி, ஆனால் ஆள் கோழைதானே?

#14 சாக்பீஸ்

கோழைதான். ஆனால் அதை அவனே சொல்கிறான், பாதிரியார் தன்னைவிடத் தைரியசாலி என்று. சில அத்தியாயத்துக்கு முன்னால் அந்தக் கிழவரை மதிக்கவே மதிக்காதவன்.

அப்புறம் டெபுடி பால் வருகிறான், அந்தச் சிறையிலேயே மனுஷத்தனம் இருந்த ஒரே வெள்ளைக்காரன். நோட்டைக் கொடுத்து, அந்த அறையிலேயே வலுவானவனாக நின்றது ஜெஃபர்சன்தான் என்கிறான், நீ பெரிய ஆசிரியர் என்று கிராண்டிடம் சொல்கிறான். அதற்கு இவன் நான் பெரிய ஆசிரியர் இல்லை, ஆசிரியரே இல்லை என்கிறான், நம்புகிறவன்தான் ஆசிரியராக இருக்க முடியும் என்று காரணமும் சொல்கிறான். முதல் அத்தியாயத்து கிராண்டாக இருந்தால் அந்தப் பாராட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு பஸ் ஏறியிருப்பான்.

அதற்குப் பிறகு உள்ளே போகிறான். பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். அழுகிறான். ஒற்றைப்பனை, அழுதால் போதுமா என்று கேட்டீர்கள். நான் மேலே சொன்னேனே, அழுவதானால் வெளியே போ என்று இதே அறையில் ஒரு சிறுமியிடம் சொன்னவன். இப்போது அவளும் அங்கே நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

#15 ஒற்றைப்பனை

அந்தச் சிறுமியை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். இப்போதுதான் புத்தகத்தை எடுத்து ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பினேன்.

கோழை என்பதை வாபஸ் வாங்க மாட்டேன். மற்றதை யோசிக்கிறேன். அந்த ஸ்கேல் கடைசி அத்தியாயத்தில் எங்காவது வருகிறதா, யாராவது பார்த்துச் சொல்லுங்கள், நானும் தேடுகிறேன்.